தெருவில் ஒரு மணி நேரம்

மாலை ஐந்து மணிக்கு ஒரு பிள்ளை கேட்டைத் திறந்துகொண்டு வெளியே வந்தால், தெருவில் இன்னொரு பிள்ளை இருக்க வேண்டும். விளையாட்டுக்கு முதல் தேவை அதுதான். பந்தும் மட்டையும் அப்புறம். அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் பெற்றோர்கள் கேட்பது பெரும்பாலும் "என்ன பொம்மை வாங்கலாம், எந்த கிளாஸில் சேர்க்கலாம்" என்றுதான். வீட்டில் பொம்மைக்குக் குறைவில்லை. குறைவது கூட்டாளி. பக்கத்து வீட்டுப் பையன் டியூஷனில், எதிர் வீட்டுப் பெண் கராத்தேயில், மாடி வீட்டுப் பிள்ளை செல்போனில். ஆளுக்கொரு நேரத்தில் வெளியே எட்டிப் பார்த்து, யாரும் இல்லை என்று உள்ளே போய்விடுகிறார்கள்.

ஆகவே இந்த அத்தியாயத்தில் பொம்மைப் பட்டியல் கிடையாது. உங்கள் தெருவில் தினமும் ஒரு மணி நேரம் நாலு பிள்ளைகளை ஒன்று சேர்ப்பது எப்படி, சேர்த்த பிறகு நாம் எப்படி ஒதுங்கி இருப்பது, இவ்வளவுதான் விஷயம். சந்தோஷத்தை அவர்களே உண்டாக்கிக்கொள்வார்கள். ஒரு துண்டு செங்கல்லும் நாலடித் தரையும் கிடைத்தால் அரை மணி நேரம் உலகத்தையே மறக்கத் தெரிந்தவர்கள் அவர்கள். நாம்தான் அந்த அரை மணி நேரத்தை அவர்களிடமிருந்து எடுத்துவிட்டோம். திருப்பிக் கொடுக்க வேண்டியதும் நாம்தான்.

நேரத்தைப் பிடித்து வைப்பது

மூன்று வீடு போதும். முதலில் மொத்தத் தெருவையும் கூட்ட முயல வேண்டாம். வாட்ஸ்அப் குழு தொடங்கவும் வேண்டாம். நாலாம் நாளே அது காலை வணக்கப் படங்களுக்குப் போய்விடும். உங்கள் பிள்ளை வயதை ஒட்டிய பிள்ளைகள் உள்ள இரண்டு வீடுகளுக்கு நேரில் போங்கள். "அக்கா, தினம் அஞ்சுல இருந்து ஆறு வரைக்கும் நம்ம பசங்கள வெளிய விடலாமா? நான் வாசல்ல உட்கார்ந்திருக்கேன்" என்று கேளுங்கள். அந்தக் கடைசி வாக்கியம் முக்கியம். யாராவது ஒரு பெரியவர் கண் பார்வையில் இருப்பார் என்று தெரிந்தால்தான் மற்ற வீட்டுக் கதவு திறக்கும். திங்கள் நீங்கள், செவ்வாய் எதிர் வீட்டுப் பாட்டி, புதன் நைட் ஷிப்ட் முடிந்து பகலில் தூங்கி எழுந்த அப்பா. அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஷிப்ட் வேலை பார்க்கும் அப்பாக்களுக்கு ஒரு வசதி இருக்கிறது: வாரத்தில் சில மாலைகள் அவர்கள் வீட்டில் இருப்பார்கள். அந்த மாலைகளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

குறுக்கே நிற்பது டியூஷன். இந்தப் பக்கத்தில் டியூஷன் எடுப்பவர் பெரும்பாலும் அதே தெருவிலோ அடுத்த தெருவிலோ வீட்டில் இருந்தபடி நடத்தும் ஒரு அக்காதான். மூன்று அம்மாக்கள் சேர்ந்து போய் "ஆறரைக்கு ஆரம்பிக்க முடியுமா" என்று கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார். ஒருவர் மட்டும் போய்க் கேட்டால் நடக்காது. ஓடிவிட்டு வந்து, முகம் கழுவி, எதையாவது சாப்பிட்டுவிட்டு உட்காரும் பிள்ளைக்குப் பாடம் ஏறும் என்பதை ஒரு மாதத்தில் அந்த அக்காவே சொல்வார்.

சென்னையில் ஒரே நேரம் வருடம் முழுக்க ஒத்துவராது. ஏப்ரல், மே, ஜூனில் ஐந்து மணிக்கும் சிமென்ட் தரை கொதிக்கும். ஐந்தே முக்காலுக்கு விட்டு ஏழு மணிக்கு அழையுங்கள். நவம்பர் கடைசியில் ஐந்து நாற்பதுக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும். நாலரைக்கே விட வேண்டும். பள்ளி வேன் வந்து சேர்வதே ஐந்து மணிக்கு என்றால், அந்த நாட்களில் தெருவிளக்கு வெளிச்சமுள்ள இடமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு மணி நேரம் என்பது என் கணக்கு மட்டும் இல்லை. ஐந்து முதல் பதினேழு வயது வரை உள்ளவர்கள் தினமும் சராசரியாக 60 நிமிடமாவது நன்றாக உடல் அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு நாள் முழுக்கச் சேர்த்து 180 நிமிடம். அவர்கள் திரை பார்ப்பது ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. கண்ணுக்கும் இதில் பங்கு இருக்கிறது. சீனாவின் குவாங்சோ நகரில் பன்னிரண்டு தொடக்கப் பள்ளிகளை எடுத்துக்கொண்டு, பாதிப் பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளைத் தினமும் கூடுதலாக 40 நிமிடம் வெளியே விட்டார்கள். மூன்று வருடம் கழித்துப் பார்த்தால், கிட்டப்பார்வை புதிதாக வந்தது வெளியே போன பிள்ளைகளில் 30.4 சதவீதம் பேருக்கு. மற்ற பள்ளிகளில் 39.5 சதவீதம் பேருக்கு. 2015இல் வெளியான ஆய்வு இது. உங்கள் பிள்ளையின் வகுப்பில் எத்தனை பேர் கண்ணாடி போட்டிருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

இடம்

ஆவடியில் எச்.வி.எஃப். என்ற டாங்க் தொழிற்சாலை 1961இல் வந்தது. அம்பத்தூர் எஸ்டேட் 1964இல். இவற்றைச் சுற்றித்தான் இந்த ஊர்கள் பெருகின. ஆவடி எச்.வி.எஃப். குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர்களைக் கேட்டால் அகலமான தெருவையும் வரிசையாக நின்ற மரங்களையும்தான் முதலில் சொல்வார்கள். குவார்ட்டர்ஸ் இல்லாத பிள்ளைகளுக்குக் காலி மனை இருந்தது. திருமுல்லைவாயலிலும் கள்ளிக்குப்பத்திலும் பட்டாபிராமிலும் மனை வாங்கிப் போட்டுவிட்டு வீடு கட்டப் பணம் சேரும் வரை பத்துப் பதினைந்து வருடம் அப்படியே விட்டிருப்பார்கள். முள்ளை வெட்டி ஒதுக்கிவிட்டு மூன்று குச்சி நட்டால் அது கிரிக்கெட் மைதானம். இப்போது அந்த மனைகளில் வீடு வந்துவிட்டது. வீடு வராத மனையில் சுற்றுச்சுவர் வந்துவிட்டது.

அதனால் இரண்டு இடங்களைச் சொல்கிறேன். ஒன்று, உங்கள் தெருவே. முட்டுத்தெருவாக இருந்தால் அதைவிட நல்ல இடம் கிடையாது. நேராகப் போகும் தெருவாக இருந்தால், அந்த ஒரு மணி நேரம் மட்டும் வண்டிகளை ஒரு ஓரமாக நிறுத்தச் சொல்லி வீட்டுக்காரர்களிடம் பேசுங்கள். முனையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு நீங்கள் உட்கார்ந்தாலே பைக்கில் வருகிறவர் வேகத்தைக் குறைப்பார். டெலிவரிப் பையன்கள்கூட இரண்டு நாளில் பழகிவிடுவார்கள்.

இன்னொன்று, உங்கள் லேஅவுட்டில் உங்களுக்கே தெரியாமல் இருக்கக்கூடிய நிலம். பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேல், அதாவது சுமார் இரண்டரை ஏக்கருக்கு மேல் மனை பிரித்தால், சாலைகள் போக மீதி நிலத்தில் 10 சதவீதத்தைப் பொதுத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. ஓ.எஸ்.ஆர். நிலம் என்று அதைச் சொல்வார்கள். வீட்டுக் கடனுக்காக வங்கிக்குக் கொடுத்த காகிதங்களில் சி.எம்.டி.ஏ. அனுமதித்த லேஅவுட் வரைபடத்தின் நகல் இருக்கும். எடுத்துப் பாருங்கள். 'பூங்கா' அல்லது 'விளையாட்டு இடம்' என்று குறித்த ஒரு மூலை அதில் இருக்கலாம். நேரில் போய்ப் பார்த்தால் அங்கே கட்டட இடிபாடும் பழைய ஆட்டோவும் கிடக்கும், அல்லது யாரோ மாட்டுக் கொட்டகை போட்டிருப்பார்கள். வரைபட நகலை இணைத்து மனு கொடுங்கள். அம்பத்தூர் 2011 முதல் சென்னை மாநகராட்சியில் இருக்கிறது, 1913க்குப் புகார் சொல்லலாம். ஆவடி 2019 முதல் தனி மாநகராட்சி, பூந்தமல்லி நகராட்சி. நகர்ப்புற வார்டுகளில் 2022 நவம்பர் 1 முதல் பகுதி சபைக் கூட்டம் நடத்துகிறார்கள். அங்கே சாலை, குப்பை, தண்ணீர் பற்றிப் பேசப் பத்துப் பேர் இருப்பார்கள். பிள்ளைகள் விளையாட இடம் கேட்டு எழுந்து நிற்க ஒருவர்கூட இருப்பதில்லை. நீங்கள் எழுந்து நில்லுங்கள். விளையாடுவது குழந்தையின் உரிமை என்று 1989ஆம் வருட ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31ஆவது பிரிவு சொல்கிறது. இந்தியா 1992இல் அதை ஏற்றுக்கொண்டது. கூட்டத்தில் அதையும் சொல்லலாம்.

ஊஞ்சலும் சறுக்கு மரமும் வேண்டும் என்று மட்டும் கேட்காதீர்கள். சுத்தம் செய்த தரை, ஒரு வேப்பமரம், ஒரு குழாய், ஒரு விளக்கு. அது போதும் என்று கேளுங்கள், சீக்கிரம் நடக்கும். பிள்ளைகளுக்கும் அதுதான் அதிகம் உதவும்.

மண்

மேற்குப் புறநகரில் எந்தத் தெருவிலும் யாராவது ஒருவர் வீடு கட்டிக்கொண்டிருப்பார். வாசலில் எம்-சாண்ட் கொட்டிக் கிடக்கும். முன்பு ஆற்று மணல் வந்த காலத்தில் பிள்ளைகள் அதில் கிளிஞ்சல் பொறுக்கினார்கள். எம்-சாண்ட் கல்லை உடைத்த தூள்; அதில் கிளிஞ்சல் இருக்காது. ஆனாலும் பிள்ளைகள் விடுவதில்லை.

அயப்பாக்கத்தில் ஒரு மாலை நான் நின்று பார்த்தது இது. குவியலின் இந்தப் பக்கம் இரண்டு பேர், அந்தப் பக்கம் இரண்டு பேர், சுரங்கம் தோண்டினார்கள். காய்ந்த மணல் சரிந்து சரிந்து மூடியது. ஒருத்தி வீட்டுக்கு ஓடிப் போய் மக்கில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள், அதிகமாகிச் சேறாகிவிட்டது. அடுத்த மக்கை உள்ளங்கையில் ஏந்திக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தாள், மணல் நின்றது. பேச்சே இல்லை, நாலு பேரும் தோள் வரைக்கும் கையை விட்டுத் தரையோடு தரையாகப் படுத்திருந்தார்கள். உள்ளே ஒருவன் விரல் இன்னொருவன் விரலில் பட்டதும் எழுந்த கத்தலில் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்தார். அந்த நாலு முகங்களையும் பார்த்த யாரும் அடுத்த பிறந்த நாளுக்கு ரிமோட் கார் வாங்க யோசிப்பார்கள்.

மேஸ்திரிக்குப் பிள்ளைகள் மணலைக் கலைத்தால் கோபம் வரும், அது நியாயம். முன்கூட்டியே பேசிவிடுங்கள். "அண்ணே, ஓரத்துல நாலு கூடை மண்ணு மட்டும் பசங்களுக்கு விடுங்க, ஆறு மணிக்கு நானே கூட்டி ஒதுக்கிடறேன்" என்றால், "விளையாடட்டும்மா, ரோட்டுல வாரி இறைக்காம இருந்தா சரி" என்றுதான் சொல்வார். எம்-சாண்டில் நுண்தூசி அதிகம், மூச்சில் போகக் கூடாது. எனவே ஆடுவதற்கு முன் ஒரு பக்கெட் தண்ணீர் தெளித்து ஈரமாக்குங்கள். சிமென்ட் மூட்டை, சுண்ணாம்பு, கம்பி பக்கம் போகக் கூடாது. இது கறாரான விதி. நாயும் பூனையும் மணலை விடாது என்பதால் கையை சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே தின்பண்டம். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பள்ளியில் கொடுக்கும் குடற்புழு மாத்திரையைத் தவற விடாதீர்கள். மண்ணுக்குப் பயந்து பிள்ளையைத் தடுக்க வேண்டிய அவசியம் இல்லை.

ஆட்டம்

தமிழறிஞர் பாவாணர் தமிழ்நாட்டு விளையாட்டுகளைத் தொகுத்து ஒரு தனி நூலே எழுதினார். அத்தனையும் உங்கள் பிள்ளைக்குத் தெரிய வேண்டியதில்லை. தெருவில் ஒரு பெரிய ஆட்டம், ஒரு சின்ன ஆட்டம் தெரிந்தால் மற்றதை அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

பெரிய ஆட்டத்துக்கு ஏழு கல். தட்டையான ஏழு கல்லோ ஓட்டாஞ்சில்லோ எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். டைல்ஸ் துண்டு வேண்டாம், விளிம்பு கையைக் கிழிக்கும். இரண்டு அணி. ஒரு அணியில் ஒருவர் பதினைந்து அடி தூரத்தில் கோடு போட்டு நின்று பந்தால் அடுக்கைக் கலைக்க வேண்டும்; மூன்று வாய்ப்பு. கலைந்ததும் அந்த அணி கல்லைத் திரும்ப அடுக்கப் பார்க்கும், எதிரணி பந்தை எடுத்து அவர்கள்மேல் எறிந்து அவுட் ஆக்கப் பார்க்கும். ஏழும் அடுக்கிவிட்டால் வெற்றி. பழைய டென்னிஸ் பந்து, அல்லது துணியைச் சுருட்டி சைக்கிள் டியூப் வளையம் போட்ட பந்து போதும், அடித்தால் வலிக்காது. தலைக்கு எறியக் கூடாது என்ற ஒரு விதியை மட்டும் நீங்கள் சொல்லுங்கள். மற்ற விதிகள் தெருவுக்குத் தெரு மாறும், மாறட்டும். இந்த ஆட்டத்தின் அழகு, வேகமாக ஓடுகிறவன் மட்டும் இதில் ஜெயிப்பதில்லை என்பது. எதிரணியைத் தன் பின்னால் ஓடவிட்டு ஏமாற்றுகிறவன் ஒருத்தன், அந்த நேரத்தில் பதறாமல் குனிந்து கல் அடுக்குகிறவள் ஒருத்தி. பள்ளியின் விளையாட்டு தினத்தில் எதிலும் சேராத பிள்ளைக்கு இங்கே வேலை இருக்கிறது.

சின்ன ஆட்டத்துக்கு பாண்டி. செங்கல் துண்டால் கட்டம் போட்டு, சில்லை எறிந்து, நொண்டியடித்து, கோட்டை மிதிக்காமல் திரும்ப வேண்டும். தனியாகவும் ஆடலாம், மூன்று பேரும் ஆடலாம். அடுக்குமாடி வீட்டுக் கார் ஷெட்டிலும் இடம் போதும்.

மூன்று வயதுத் தம்பி, தங்கை "நானும் வரேன்" என்று அழும். பெரிய பிள்ளைகள் விரட்டுவார்கள். இதற்குத் தெருவிடமே தலைமுறைகளாக ஒரு வழி இருக்கிறது: ஒப்புக்குச் சப்பாணி. ஆட்டத்தில் சேர்த்துக்கொள்வார்கள், ஓடச் சொல்வார்கள், பிடிபட்டால் அவுட் கிடையாது. அந்தப் பிள்ளைக்கு அது தெரியாது. உயிரைக் கொடுத்து ஓடும். ஏழு வயதுப் பிள்ளை மூன்று வயதுப் பிள்ளையிடம் வேண்டுமென்றே மெதுவாக ஓடுவதை, எட்ட இருந்து தொடாமல் விடுவதைப் பாருங்கள். யாரும் அதைப் பாடமாக நடத்தவில்லை. எல்லாரும் ஒரே வயதாக இருக்கும் வகுப்பறையில் அதைக் கற்றுக்கொள்ள வழியும் இல்லை. அதனால்தான் வயதுவாரியாகப் பிரிக்காதீர்கள் என்கிறேன். நடக்க முடியாத பிள்ளை, காது கேளாத பிள்ளை தெருவில் இருந்தால் அவர்களையும் கொண்டு வந்து உட்கார வையுங்கள். அவர்கள் ஒப்புக்கு இருக்க வேண்டாம். ஏழு கல்லில் கல் அடுக்கும் இடம் அவர்களுக்கு. விதியை எப்படி மாற்றுவது என்று பிள்ளைகளே பேசி முடிவு செய்வார்கள்.

நாம் வாயை மூடிக்கொண்டிருப்பது

இதுதான் கடினம். நாற்காலியில் உட்கார்ந்ததும் நமக்கு வாய் சும்மா இருக்காது. "அவனுக்கும் ஒரு சான்ஸ் குடு." "பாத்து ஓடு." "நான் சொல்லித் தர்றேன் வா." ஒவ்வொரு குரலுக்கும் ஆட்டம் ஒருமுறை நின்று நம்மைத் திரும்பிப் பார்க்கும். மூன்று முறை திரும்பிப் பார்த்த ஆட்டம் அதோடு செத்துவிடும். கீரை ஆயுங்கள், பேப்பர் படியுங்கள். செல்போனைப் பார்க்காதீர்கள், அதைப் பார்த்தால் அவர்களுக்கும் அது வேண்டும்.

சண்டை வரும். ஐந்து நிமிடம் ஆடி பத்து நிமிடம் சண்டை போடுவதுபோல் தோன்றும். அவுட்டா இல்லையா, பந்து கோட்டைத் தாண்டியதா, யார் முதலில் காஜி. அந்த வாக்குவாதமும் ஆட்டத்தில் சேர்த்திதான். விதியைச் சொல்லி நிரூபிக்கவும், விட்டுக்கொடுக்கவும், 'ரீப்ளே' என்று நடுவழி கண்டுபிடிக்கவும் அங்கேதான் பழகுகிறார்கள். டூ விட்டுக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் முறுக்கிக்கொண்டு உட்காரும் இருவரையும் சமாதானப்படுத்தப் போகாதீர்கள். ஆட்டத்துக்கு ஆள் குறையும்போது அவர்களே பழம் விட்டுவிடுவார்கள். பெரியவர் நடுவில் புகுந்தால் அது இரண்டு வீட்டுச் சண்டையாகி, ஒரு மாதத்துக்குக் கதவு திறக்காது. இது பல தெருக்களில் நடக்கிறது. தொடங்கிய விளையாட்டு நேரம் நின்றுபோவதற்கு முதல் காரணமும் இதுதான்.

எழுந்து போக வேண்டிய நேரமும் உண்டு. கையில் கல்லோ கட்டையோ ஏறினால். ஒரே பிள்ளையை எல்லாரும் சேர்ந்து நாள் தவறாமல் ஒதுக்கினால், அல்லது நிறத்தை, உடம்பை, சாதியைச் சொல்லிக் கேலி செய்தால். சாதிப் பேச்சு பிள்ளையிடமிருந்து வந்தாலும் வீட்டிலிருந்துதான் வந்திருக்கும். பிள்ளையிடம் அன்றைக்கே நிறுத்தச் சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய்ப் பேசுங்கள். பெரிய பையன் யாராவது சின்னப் பிள்ளையைத் தனியாக அறைக்கோ வண்டிக்கோ மொட்டை மாடிக்கோ கூப்பிட்டால் உடனே தலையிடுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098 எந்த நேரமும் எடுக்கும். உங்கள் பிள்ளைக்கும் அது மனப்பாடமாக இருக்கட்டும்.

பந்து யார் வீட்டுக்குள்ளாவது போகும். "ஆன்ட்டி, பந்து உள்ள வந்துடுச்சு, எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டு, கேட்ட பிறகுதான் கேட்டைத் திறக்க வேண்டும். இதைப் பழக்கிவிட்டால் தெருவில் பாதிப் பகை குறையும். பூந்தொட்டி உடைந்தால் பிள்ளைகளே போய்ச் சொல்லட்டும். நாம் ஐம்பது ரூபாய் கொடுத்து முடித்துவிட்டால் அவர்களுக்குச் சொல்ல வாய்ப்பே இல்லாமல் போய்விடும்.

கையில் கிடைப்பது

டென்மார்க் ஜெர்மானியர் பிடியில் இருந்த 1943இல், கோபன்ஹேகனை ஒட்டிய எம்ட்ரப் என்ற குடியிருப்பில் ஒரு விளையாட்டு இடம் திறந்தார்கள். ஊஞ்சல் இல்லை, சறுக்கு மரம் இல்லை. பலகை, செங்கல், கயிறு, பழைய சக்கரம் என்று வேண்டாத சாமான்களைப் போட்டுவைத்தார்கள். சோரன்சன் என்ற நிலவடிவமைப்பாளரின் யோசனை அது. தான் பார்த்துப் பார்த்து வடிவமைத்த பூங்காக்களைவிடக் கட்டட வேலை நடக்கும் இடத்தில் பிள்ளைகள் அதிக சந்தோஷமாக இருந்ததை அவர் கவனித்திருந்தார். அதன் பிறகு ஐரோப்பா முழுக்க அப்படி இடங்கள் வந்தன.

நாம் அப்படி ஓர் இடத்தைத் தேடிப் போக வேண்டாம். பிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி கிடைத்தால் தூக்கிப் போடாதீர்கள். ஒரு வாரத்துக்கு அது பஸ், கடை, ஜெயில், ரேஷன் கடை எல்லாம் ஆகும். டி.ஐ. சைக்கிள்ஸ் 1949இல் வந்த ஊர் அம்பத்தூர். டன்லப் டயர் தொழிற்சாலையும் இங்கேதான் இருந்தது. பழைய சைக்கிள் டயர் ஒன்றும் ஒரு குச்சியும் இருந்தால் ஓட்டத் தெரியாத பிள்ளை இந்த ஊரில் முன்பு கிடையாது. இப்போதும் எந்த சைக்கிள் கடையிலும் கேட்டால் பழைய டயர் கிடைக்கும். அங்கேயே வால்வ் டியூப் ஒரு முழம் வாங்குங்கள். அதைச் சின்னத் துண்டுகளாக வெட்டித் தீக்குச்சிகளின் முனைகளில் மாட்டினால் முக்கோணம், சதுரம், வீடு, பாலம் எல்லாம் கட்டலாம். அர்விந்த் குப்தா இந்தியப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்த விளையாட்டு அது. ஐ.ஐ.டி.யில் படித்த பொறியாளர், குப்பையிலிருந்து பொம்மை செய்யக் கற்றுத் தருவதையே வாழ்நாள் வேலையாக வைத்துக்கொண்டார். 2018இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். தீக்குச்சியின் மருந்து முனையைச் சுரண்டிவிட்டுக் கொடுங்கள்.

எஸ்டேட்டை ஒட்டி, பட்டரவாக்கம், அத்திப்பட்டு, மண்ணூர்பேட்டைப் பக்கங்களில் பீகார், ஒடிசாவிலிருந்து வேலைக்கு வந்த குடும்பங்கள் வரிசை வீடுகளில் இருக்கின்றன. அந்தப் பிள்ளைகள் நம் தெரு முனையில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். கூப்பிடுங்கள். கோலியை அவர்கள் கன்ச்சா என்பார்கள், பம்பரத்தை லட்டு என்பார்கள், ஏழு கல்லைப் பிட்டூ என்பார்கள். ஆட்டம் ஒன்றேதான். பத்து நாளில் ஒருவர் மொழியில் மற்றவர் சண்டை போட ஆரம்பித்துவிடுவார்கள்.

ஆபத்து

நான் உண்மையில் பயப்படுவது நாலைந்து விஷயங்களுக்குத்தான். முதலாவது சம்ப். நம் வீடுகளில் கார் நிறுத்தும் இடத்திலேயே தரைத்தொட்டி இருக்கும்; பிள்ளைகள் ஓடுவதும் அங்கேதான். மூடி துருப்பிடித்திருந்தாலோ அசைந்தாலோ இந்த வாரமே மாற்றுங்கள், பூட்டுப் போடுங்கள். செப்டிக் டேங்க் மூடிக்கும் இதேதான். அடுத்து, திறந்து கிடக்கும் மழைநீர் வடிகாலும் கதவில்லாத மின்பெட்டியும். மூன்றாவது ஏரி. அம்பத்தூர், கொரட்டூர், பருத்திப்பட்டு, செம்பரம்பாக்கம் என்று நம்மைச் சுற்றி ஏரிகள். பெரியவர் இல்லாமல் கரைக்குப் போகக் கூடாது. மேலே அமைதியாக இருக்கும் தண்ணீருக்கு அடியில் மண் எடுத்த பள்ளம் இருக்கும். மாஞ்சா நூல் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். பைக்கில் போகிறவர் கழுத்தை அறுத்திருக்கிறது. நாய் கடித்தாலோ நகம் கீறினாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள், ஊசி இலவசம். பிள்ளை திட்டுக்குப் பயந்து மறைக்காமல் இருக்க வேண்டும் என்றால், கடிபட்டதற்காக நாம் அவனைத் திட்டக் கூடாது.

முட்டி சிராய்ப்பு ஆபத்தில் சேராது. கழுவி விட்டுத் திரும்ப அனுப்புங்கள்.

மழை

அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் வரை பல நாள் தெரு நமக்கு இல்லை. 2015 வெள்ளமும் 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயலும் இந்தப் பக்கத்தை எப்படிப் படுத்தின என்று எல்லாருக்கும் நினைவிருக்கும். தேங்கிய தண்ணீரில் சாக்கடை கலந்திருக்கும், எலிக்காய்ச்சல் வரும். அதில் காகிதக் கப்பல் விடலாம், கால் விடக் கூடாது. தூறலில் நனைவது வேறு, அதைத் தடுக்காதீர்கள்.

வீட்டுக்குள் பல்லாங்குழி, தாயம், ஆடு புலி ஆட்டம். பல்லாங்குழிப் பலகை இல்லாவிட்டால் தரையில் சாக்பீஸால் பதினாலு வட்டம் போட்டு, புளியங்கொட்டையைக் குழிக்கு ஐந்தாக வைத்து ஆடலாம். பாட்டி வீட்டில் இருந்தால் அவரை ஆட விடுங்கள். ஒரு பிடி கொட்டை எங்கே போய் முடியும் என்று அவர் கண்ணாலேயே கணக்குப் போடுவதைப் பேரப்பிள்ளை வாயைப் பிளந்து பார்க்கும். அந்த மழை நாட்களில், மூன்று வீட்டுப் பிள்ளைகளும் முறை வைத்து ஒரு வீட்டில் கூடட்டும். வீடு கலையும். கலையட்டும்.

பெண் பிள்ளைகள்

இதைக் கடைசியில் வைத்தது நீளமாகச் சொல்வதற்காக. பத்து வயது வரை தெருவில் பெண் பிள்ளைகளும் பையன்களும் சமமாக இருப்பார்கள். பன்னிரண்டு, பதிமூன்று வயதில் பெண்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போவார்கள். வயதுக்கு வந்ததும் "இனிமே என்ன தெருவுல ஆட்டம்" என்று வீட்டில் ஒரு குரல் வரும், பெரும்பாலும் பெண்ணின் குரலாகவே. அந்தப் பெண் பால்கனியில் நின்று, நேற்று வரை தான் ஆடிய ஆட்டத்தைப் பார்ப்பாள். யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. ஆனால் அவளிடமிருந்து எடுத்துக்கொண்டது சிறிதில்லை. உடம்பு வேகமாக வளர்ந்து மனம் குழம்பும் அந்த வருடங்களில்தான் அவளுக்கு ஓட்டமும் சிரிப்பும் கூட்டாளியும் அதிகம் வேண்டும்.

தனியாக ஒரு பெண்ணை மட்டும் தெருவில் விடச் சொல்வது எளிதில்லை என்று எனக்குத் தெரியும். எனவே இரண்டு மூன்று வீடுகளாகச் சேர்ந்து செய்யுங்கள். அம்மாக்களும் இறங்குங்கள். இரண்டு ஷட்டில் மட்டை, தெருவுக்குக் குறுக்கே ஒரு துணிக்கொடி. நைட்டிமேல் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு அம்மாக்களே கார்க்கை அடிக்க ஆரம்பித்த தெருவில் பெண்களை உள்ளே கூப்பிடும் குரல் தானாகக் குறையும். முதல் வாரம் நாலு பேர் நின்று பார்ப்பார்கள், இரண்டாம் வாரம் அவர்களில் ஒருவர் மட்டை கேட்பார். பையன்கள் இடத்தை அடைத்துக்கொண்டு கிரிக்கெட் ஆடினால், வாரத்தில் மூன்று நாள் தெரு பெண்களுக்கு என்று நேராகச் சொல்லிவிடுங்கள். ஒத்துக்கொள்வார்கள், முணுமுணுத்துக்கொண்டுதான்.

உடைக்கு வசதி செய்துகொடுங்கள். பாவாடையோடு ஓடச் சொல்லாமல் பழைய டிராக் பேன்ட் ஒன்றை விளையாட்டுக்கென்றே வையுங்கள். மாதவிடாய் நாட்களில் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். வயிற்று வலி இருந்தால் திண்ணையில் உட்கார்ந்து அஞ்சாங்கல் ஆடுவாள், வலி இல்லை என்றால் ஏழு கல்லுக்கு ஓடுவாள். அன்றைக்கு எதை ஆடுவது என்பதை அவளே சொல்லட்டும்.